கதை விற்குமா? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கடைத்தெருக்களை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

தாராவியில் தைக்கப்படும் தோல்பையின் மேல் தாராவி என்ற பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையோரக் கடைகளில் நேரடியாக விற்பவை போக, பட்டறைகளிலிருந்து வெளியேறும் சரக்கில் கணிசமான பகுதி வேறொரு கம்பெனியின் லேபிளோடோ, லேபிளே இல்லாமலோ போய்ச் சேர்கிறது. அதே தாராவியின் பெயரைச் சொல்லித் திரைப்படங்கள் ஓடியிருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் காசு கொடுத்து அதன் சந்துகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பை ஒரு வழியாக விற்கிறது, கதை இன்னொரு வழியாக விற்கிறது. இரண்டும் ஒரே பில்லில் வருவது அபூர்வம்.

வாடிக்கையாளரை நெருங்கக் கதை உதவுமா என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. விளம்பரக்காரர்களும், உளவியலாளர்களும், விற்பனைப் புள்ளிவிவரம் பார்ப்பவர்களும், விளம்பரத்தையே சந்தேகிப்பவர்களும் தத்தம் பதிலை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பதில்களுக்கு ஓர் அனுமானம் பொது: சரக்கும் கதையும் ஒரே கையில் இருக்கின்றன. மும்பையின் தமிழர் பேட்டைகளில் அந்த அனுமானம் நிற்பதில்லை. அதனால்தான் பழைய பதில்களை இங்கே கொண்டுவந்து உரசிப் பார்ப்பதில் பயன் இருக்கக்கூடும்.

காரணம் சொல், கதை வேண்டாம்

முதல் கட்சி கதையை நம்பாத கட்சி. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சிறுநூலின் நிலைப்பாடு கறாரானது. விளம்பரம் என்பது அச்சில் ஏறிய விற்பனையாளர். அவர் கூப்பன் எண்ணித் தன் சம்பளத்தை நியாயப்படுத்த வேண்டும். வேடிக்கை காட்டுவது அவர் வேலை அல்ல. ராசர் ரீவ்ஸ் 1961-இல் எழுதிய 'ரியாலிட்டி இன் அட்வர்டைசிங்' இதை இன்னும் இறுக்கியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் போட்டியாளர் சொல்லாத ஒரே ஒரு பயனைக் கண்டுபிடி, அதையே சலிக்காமல் திரும்பச் சொல் என்பது அவர் சூத்திரம்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் இந்தக் கட்சியின் தூய வாரிசாக லலிதா ஜுவல்லரி விளம்பரத்தைச் சொல்லலாம். நகையையும் விலைச் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உரிமையாளரே வந்து சொல்கிறார். அதில் குடும்பக் காட்சி இல்லை, கண்ணீர் இல்லை. கூலி, சேதாரம் பற்றிய வாதம் மட்டும்தான்.

ஆனால் இந்தக் கட்சியின் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் உண்டு. ஹாப்கின்ஸுக்குப் பேர் வாங்கித்தந்த வேலைகளில் ஒன்று ஷ்லிட்ஸ் பீர் விளம்பரம். பாட்டில்களை நீராவியில் கழுவுவது, ஆழ்கிணற்றுத் தண்ணீர் எடுப்பது என்று ஆலைக்குள் நடப்பதை அவர் விவரித்தார். எல்லா பீர் ஆலைகளும் அதையேதான் செய்தன என்று தன்வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். வேறுபாடு சரக்கில் இல்லை, அதை முதலில் சொன்னதில்தான் இருந்தது. காரணம் என்று அவர் பெயரிட்டது ஓர் ஆலையின் கதையாகவே வேலை செய்திருக்கிறது. லலிதா ஜுவல்லரி விஷயத்திலும், ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது சேதார விகிதத்தையா, மொட்டைத் தலையோடு நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசிய அந்த மனிதரையா என்று கேட்டால் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். வாதத்தையும் கதையையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டதே இக்கட்சியின் பலவீனம் என்று தோன்றுகிறது.

கதைக்குள் இழுத்துக்கொள்

எதிர்க்கட்சிக்கு விளம்பர உலகில் முகம் கொடுத்தவர் டேவிட் ஓகில்வி. 1951-இல் ஹாத்தவே சட்டை விளம்பரத்தில் ஓர் ஆளுக்கு ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டினார். சட்டையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சாதாரணச் செய்திதான். யார் இவர், கண்ணுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பார்ப்பவரை நிறுத்தியது. படத்தில் கதையின் வாடை இருக்க வேண்டும் என்ற கருத்தைத் தாம் ஹெரால்ட் ருடால்ஃப் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஓகில்வி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

உளவியல் பின்னால் வந்து சேர்ந்தது. மனித மனம் வாதமாக யோசிப்பதும் கதையாக யோசிப்பதும் இரு வேறு முறைகள், ஒன்றை மற்றொன்றாகக் குறுக்க முடியாது என்று ஜெரோம் புரூனர் 1986-இல் எழுதினார். 2000-இல் மெலனி கிரீன், திமோத்தி பிராக் இருவரும் செய்த சோதனைகள் ஒரு படி மேலே போயின. கதைக்குள் எவ்வளவு ஆழ்ந்து போகிறார்களோ அவ்வளவு தூரம் வாசகர்களின் நம்பிக்கைகள் கதையின் பக்கம் சாய்ந்தன. கதையை உண்மைச் செய்தி என்று சொல்லிக் கொடுத்தாலும் புனைவு என்று சொல்லிக் கொடுத்தாலும் ஆழ்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விற்பனைக்காரர்களுக்கு இது இனிப்பான செய்தி. கவலைப்பட வேண்டியவர்களுக்குக் கவலையான செய்தி.

நன்கொடையை வைத்து நடந்த சோதனை இன்னும் பிரபலம். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் 2007-இல் வெளியிட்டது. கையில் 5 டாலர் இருந்தவர்களிடம் ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பசியில் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டியபோது 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43. கதையோடு கணக்கைச் சேர்த்தால் கதையின் பலம் கூடவில்லை, இறங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் விடக் கடைத்தெருவுக்கு நெருக்கமானது 2009-இல் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் இருவரும் நடத்திய 'சிக்னிஃபிகன்ட் ஆப்ஜெக்ட்ஸ்' முயற்சி. பழைய சாமான் கடைகளில் 128.74 டாலருக்குச் சில்லறைப் பொருள்களை அள்ளினார்கள். எழுத்தாளர்களிடம் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனைக் கதை எழுதவைத்து இபேயில் ஏலம் விட்டார்கள். கிடைத்தது 3,612.51 டாலர். விற்பனைப் பயிலரங்குகளில் இந்த எண்கள் வேதவாக்காகிவிட்டன. அங்கே சொல்லாமல் விடப்படும் விவரங்கள் இரண்டு. வாங்கியவர்களுக்குக் கதை கற்பனை என்பது தெரியும். பலர் எழுத்தாளருக்காகவும் விளையாட்டுக்காகவும் ஏலம் கேட்டிருக்கக்கூடும். முதல் சுற்றில் வந்த பணம் கதை எழுதியவர்களுக்கே போனது. இந்த இரண்டாவது விவரத்துக்குத் தாராவியில் மறுபடி வேலை இருக்கிறது.

மும்பை விளம்பர உலகம் இந்தக் கட்சியின் இந்தியத் தலைமையகம். மலிவான நிர்மாவிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த சர்ஃபுக்காக லின்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீ 1980-களின் நடுவில் லலிதாஜியை உருவாக்கினார். காய்கறிக் கடையில் கறாராகப் பேரம் பேசும் ஒரு குடும்பத் தலைவி, விலை கூடிய சோப்புத்தூளை வாங்குவதற்கு நியாயம் சொல்கிறாள். ரீவ்ஸ் கேட்கும் காரணமும் ஓகில்வி கேட்கும் ஆளும் ஒரே முப்பது விநாடியில் இருந்தார்கள். இரு கட்சிகளும் பிரிந்து நின்று செய்த வாதத்தை ஒரு சேலைக்காரம்மா முடித்துவைத்துவிட்டாள் என்றே சொல்லலாம்.

இக்கட்சியின் பெரிய ஓட்டை அளவீட்டில் இருக்கிறது. சோதனைகள் அளப்பது பெரும்பாலும் பிடித்திருக்கிறதா, நினைவிருக்கிறதா, வாங்குவீர்களா என்பவற்றை. கல்லாவில் விழுந்ததை அளந்த ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு. அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது ஒளிபரப்பான 108 விளம்பரங்களைக் கீத் குவெசன்பெரியும் மைக்கேல் கூல்சனும் 2014-இல் ஆராய்ந்தார்கள். முழு நாடக அமைப்புக் கொண்டவை பார்வையாளர் வாக்கெடுப்பில் மேலே நின்றன. வாக்கு விழுந்தது விளம்பரத்துக்கு. சரக்கு நகர்ந்ததா என்பது வேறு கேள்வி.

வாடிக்கை இருக்கும் இடத்தில் கதை எதற்கு

மூன்றாவது கட்சி இரண்டையும் பார்த்துச் சிரிக்கும். சந்தை ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க் 1974-இல் முன்வைத்த வாதம்: விளம்பரம் யாரையும் பெரிதாக மனம் மாற்றுவதில்லை. ஏற்கெனவே வாங்குபவருக்குப் பெயரை நினைவூட்டிப் பழக்கத்தைக் காப்பதே அதன் வேலை. அந்த வழியில் வந்த பைரன் ஷார்ப் 2010-இல், தேவைப்படும் நேரத்தில் மனதில் தோன்றுவதும் கைக்கு எட்டுவதும்தான் பிராண்டை வளர்க்கின்றன, ஆழ்ந்த பிணைப்பு என்பதெல்லாம் மிகையான பேச்சு என்றார்.

மாட்டுங்காவைப் பார்த்தால் இவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பின் உருவான நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டுக் கட்டிய புறநகர் இது. தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் இங்கே அடுக்குக் குடியிருப்புகளில் எப்படித் 'தென்னிந்தியர்' ஆனார்கள் என்பதை நிகில் ராவ் தம் 2013-ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937-இல் தொடங்கியது, கஃபே மெட்ராஸ் 1940-இல், ராம நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இல். ஊரை விட்டுத் தனியாக வந்தவனுக்கு ரசமும் சாதமும் எதற்காக வேண்டும் என்று யாரும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்காரருக்கும் வருபவருக்கும் நடுவே இருந்தது ஒரு தெருவின் அகலம்தான்.

செம்பூருக்கும் இது பொருந்தும். மாட்டுங்காவில் இடம் போதாமல் போனபோதும், அணுசக்தி மையமும் உரத் தொழிற்சாலையும் வேலைக்கு ஆள் எடுத்தபோதும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. சேடா நகர் முருகன் கோவிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸும் அவர்கள் கூடும் இடங்கள் ஆயின. கோவில், சபா விழா மலர்களில் வரும் விளம்பரங்களை எந்த விளம்பரப் பாடநூலும் ஏற்காது. கடைப் பெயர், முகவரி, 'நல்வாழ்த்துகளுடன்' என்ற ஒரு வரி, அவ்வளவுதான். கதையும் இல்லை, காரணமும் இல்லை. மலருக்குப் பணம் கொடுத்ததே அங்கு செய்தி. அதைப் படிக்க வேண்டியவர்களுக்கு அந்தக் கடைக்காரர் யார் என்று முன்பே தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தெருவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மாட்டுங்கா உணவகங்கள் கதையாகத்தான் போய்ச் சேர்ந்தன. கஃபே மெட்ராஸை நடத்தியது கர்நாடகக் கடலோரத்திலிருந்து வந்த காமத் குடும்பம். பெயர்ப்பலகையில் இருந்த ஊர் வேறு. பம்பாய்க்காரருக்குத் தெற்குத் திசை முழுவதையுமே சுட்டிக் காட்டிய பெயர் அது. அந்தத் திசையைப் பற்றிய கதை பிறர் கைக்குப் போனபோது விளைவு வேறுவிதமாக ஆனது. 1966-இல் சிவசேனை தொடங்குவதற்கு முன்பே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டு, வேலைகளைப் பறித்துக்கொள்ளும் மதராசி என்ற கதையைப் பரப்பியது. தொடர்ந்த ஆண்டுகளில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அதே இட்லி, அதே சாம்பார்தான். சொல்லப்பட்ட கதை மட்டும் மாறியிருந்தது. எரன்பெர்க் கட்சியின் பழக்கக் கணக்கில் இந்த வகைக் கதைக்கு இடமே இல்லை.

இன்று ராம நாயக் வாசலில் ஞாயிறு வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்தத் தெருக்காரர்கள் அல்லர். முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் குடிபோனவர்களின் பிள்ளைகளும், உணவு எழுத்தாளர்களைப் படித்துவிட்டு வருபவர்களும் நிற்கிறார்கள். பழைமை, வாழையிலை, தலைமுறைகள் என்ற கதை இப்போதுதான் அந்தக் கடைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கடைக்காரர் சொல்லாத கதை. விற்பவரும் வாங்குபவரும் விலக விலகத்தான் கதைக்கு வேலை வருகிறது என்ற ஊகத்துக்கு இந்தக் காலவரிசை இடம் தருகிறது.

எண்ணே கதையான கதை

கதையைச் சந்தேகிக்கும் நான்காவது தரப்பு, உண்மையைக் கதை விழுங்கிவிடும் என்கிறது. மரியன் ஃப்ரீஸ்டாட், பீட்டர் ரைட் 1994-இல் காட்டியபடி, வாங்குபவரும் காலப்போக்கில் உத்திகளைக் கற்றுக்கொள்கிறார். இது நம்மை இளக்கச் செய்யும் வித்தை என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். கிறிஸ்டியன் சால்மோன் 2007-இல் பிரெஞ்சில் எழுதிய நூல், கம்பெனிகளும் அரசியலும் கதையை ஒரு யந்திரமாக மாற்றிவிட்டதைக் குற்றம் சாட்டியது.

மும்பையில் இதற்கு, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்களை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம். ஆறு சிக்மா தரச் சான்று பெற்றவர்கள், கோடிக்கு ஒரு தவறு என்ற கூற்றை மேலாண்மை வகுப்புகளில் கேட்காதவர் இல்லை. அதன் பிறப்பு இப்படி. 1998-இல் 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகைக்காக சுப்ரதா சக்ரவர்த்தி, எத்தனை முறை தவறு நேரும் என்று சங்கத் தலைவரிடம் கேட்டார். அநேகமாக இல்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இருக்கலாம் என்று பதில் வந்தது. நிருபர் கணக்குப் போட்டார்: எண்பது லட்சம் டெலிவரிக்கு ஒரு தவறு, டப்பா திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு ஒன்று. ஆறு சிக்மா என்ற சொல்லைத் தாம் பயன்படுத்தவே இல்லை, ஃபோர்ப்ஸ் யாருக்கும் சான்று வழங்கவில்லை என்று அவரே பிற்பாடு விளக்கினார். வாய்ப்பேச்சில் வந்த ஒரு மதிப்பீடு வகுத்தலும் பெருக்கலும் பட்டு உலகப் புகழ் பெற்றுவிட்டது.

இதைப் பொய் என்று ஒதுக்குவதும் சரியாகாது. அவர்களின் ஒழுங்கும் குறியீட்டு முறையும் உண்மை. ஹார்வர்டு வணிகப் பள்ளி அதை ஆய்வுப் பாடமாக்கியது. ஆனால் கதை யாருக்கு விற்றது? டப்பா அனுப்பும் வீட்டாருக்கு அந்த எண் தேவைப்படவில்லை. தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்தால் போதும். எண்ணை வாங்கிக்கொண்டவர்கள் கருத்தரங்க அமைப்பாளர்களும் நூலாசிரியர்களும்தான். கோவிட் காலத்தில் அலுவலகங்கள் மூடி, பின்பு பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபோது டப்பாவாலாக்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. அத்தனை புகழும் வாடிக்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. (2013-இல் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' படமோ இடம் மாறிப்போன ஒரு டப்பாவை வைத்தே முழுக் கதையையும் நகர்த்தியது. தவறாத அமைப்பின் கதையை விடத் தவறிய ஒரு டப்பாவின் கதைக்குச் சுவை கூடுதல்.)

தாராவி: சரக்கு ஒருவருடையது, கதை இன்னொருவருடையது

கோலி மீனவர் குப்பமாக இருந்த தாராவிக்கு 1887-இல் முதல் தோல் பதனிடும் ஆலை வந்ததாகக் கல்பனா சர்மாவின் 'ரீடிஸ்கவரிங் தாராவி' (2000) குறிப்பிடுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் இத்தொழிலை இங்கே நிலைநிறுத்தினார்கள். கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள், அவர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் மறுசுழற்சி, ஆயத்த ஆடை, முறுக்கு, இட்லி என்று தொழில்கள் பெருகின. விடியலில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு மும்பைத் தெருக்களில் இட்லி விற்பவர்களில் பலர் இங்கிருந்து கிளம்புபவர்கள். ஹாரன் சத்தம்தான் அவர்கள் விளம்பரம்.

வெளியே உலவும் தாராவிக் கதைகள் மூன்று வகை. முதலாவது, ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி என்பது. கராச்சியின் ஒராங்கி டவுன் அதைவிடப் பெரியது என்று பலகாலமாகச் சுட்டப்படுகிறது. பட்டம் மட்டும் போகவில்லை. இரண்டாவது சினிமாவின் கதை: 'நாயகன்' (1987) தொட்டு 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008), 'காலா' (2018), 'கல்லி பாய்' (2019) வரை. மூன்றாவது, சோம்பல் அறியாத உழைப்பாளிகளின் ஊர், ஆண்டுக்கு நூறு கோடி டாலர் புரளும் பொருளாதாரம் என்பது. மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகியிருந்தும் இந்த எண் டப்பாவாலா எண்ணைப் போலவே வாய்க்கு வாய் போகிறது. முதல் கதை அனுதாபம் கேட்கிறது, மூன்றாவது வியப்பைக் கேட்கிறது. தைத்தவரின் கூலியை இரண்டுமே நேரடியாகத் தொடுவதில்லை.

மூன்றாவது கதையை ஒரு விற்பனைப் பண்டமாக்கியது நடைச்சுற்றுலா. கிருஷ்ணா பூஜாரி, கிறிஸ் வே இருவரும் நிறுவிய ரியாலிட்டி டூர்ஸ் 2006 முதல் தாராவிக்குள் பயணிகளை அழைத்துச் செல்கிறது. புகைப்படம் கூடாது, சிறு குழுக்கள்தான், லாபத்தில் 80 விழுக்காடு ரியாலிட்டி கிவ்ஸ் என்ற தொண்டமைப்பின் கல்விப் பணிகளுக்கு என்பவை அதன் விதிகள். 2019-இல் டிரிப்அட்வைசர் பயணிகள் விருதுப் பட்டியலில் தாராவி நடை தாஜ்மகாலையும் முந்தியது. ஆதரிப்போர், இது இழிவான பிம்பத்தை உடைக்கிறது, பணமும் ஓரளவு ஊருக்குத் திரும்புகிறது என்கிறார்கள். எதிர்ப்போரில் மெலிசா நிஸ்பெட்டின் 2017 ஆய்வு கவனிக்கத்தக்கது. பயணிகள் இணையத்தில் எழுதிய மதிப்புரைகளைப் படித்த அவர், அவர்கள் வறுமையைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்றார். உழைப்பின் உற்சாகம் கண்ணை நிறைத்துவிட, கழிப்பறைப் பற்றாக்குறையும் கூலியும் இயல்பானவையாகிவிடுகின்றன. ஸ்லோவிக் குழுவின் சோதனையோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே தனிமனிதக் கதை கையைத் திறந்தது. இங்கே நிறைவான கதை கேள்வியை மூடியது. கதை நம்மை ஆழ்த்தும் என்பது மட்டும் போதாது, எதை நோக்கி ஆழ்த்துகிறது என்பதும் சேர்ந்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

கதையைப் பண்டத்தோடு மறுபடி தைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 2015-இல் மாட்டிறைச்சித் தடை விரிவானபின் தோல் வேலையாட்கள் பலர் தொழில் இழந்தார்கள். கலைஞர் சுதீர் ராஜ்பர் அவர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்யும் 'சமார் ஸ்டூடியோ'வைத் தொடங்கினார். வசையாக வீசப்படும் ஒரு சாதிப் பெயரையே பிராண்டாக்கியது அதன் துணிச்சல். வாங்குபவர் பையோடு தோல் தொழிலின் சாதி வரலாற்றையும் தோளில் மாட்டிக்கொள்கிறார். விளம்பரக் கோட்பாட்டில் ஓகில்வியின் கண்பட்டைக்கு நேர் எதிர் இது. அங்கே கதை சட்டைக்கு வெளியிலிருந்து வந்தது, இங்கே பொருளின் உள்ளிருந்து வருகிறது. ஆயினும் உயர் வடிவமைப்புச் சந்தையில் நிற்கும் ஒரு பெயரால் எத்தனை பட்டறைகளைத் தாங்க முடியும் என்ற கேள்வி நியாயமானதே.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 2025 ஜூனில் மிலான் ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பைப் போன்றே ஒன்றைக் காட்டியது. தோல் செருப்பு என்பதற்கு மேல் அதற்கு ஊரோ பெயரோ சொல்லப்படவில்லை. கோலாப்பூர் செருப்புக்கு 2019 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. மகாராஷ்டிர வணிகர் சங்கம் எழுதிய கடிதத்துக்குப் பிறகே பிராடா மூலத்தை ஒப்புக்கொண்டது. தாராவியில் சரக்குக்குக் கதை சேரவில்லை என்றால், மிலானில் கதை சேர்ந்திருந்த சரக்கிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டிலும் இழப்பவர் தைப்பவரே.

சட்டம் எட்டும் தூரம்

இந்திய விளம்பரத் தர மன்றம் மும்பையில் 1985-இல் அமைந்தது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய ஆணையம் 2022-இல் தவறான விளம்பரங்களுக்கும், 2024-இல் போலிப் பசுமைக் கூற்றுகளுக்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. இவை கூற்றைப் பிடிக்கும். நான்கு வாரத்தில் நிறம் கூடும் என்றால் ஆதாரம் கேட்கும். ஆனால் கதை பெரும்பாலும் கூற்று எதையும் முன்வைப்பதில்லை. ஒரு கைவினைஞரின் கையை நெருக்கத்தில் காட்டும் படம், அவருக்கு எவ்வளவு போகிறது என்று சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கிறது. வரையறுத்த மரபுப் பண்டங்களுக்குத்தான் அது பொருந்தும். எந்த மரபுக்கும் உரிமை கோராமல் எல்லா வடிவத்திலும் தைக்கும் தாராவிப் பட்டறைக்கு அது கதவு திறக்காது.

தீராதவை

கதை கவனத்தை ஈர்க்கிறது, நினைவில் நிற்கிறது, எதிர்வாதத்தைத் தளர்த்துகிறது என்ற அளவுக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. விலையை உயர்த்தும் என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அது விளையாட்டு ஏலங்களிலும் உயர்ரகச் சந்தையிலும் குவிந்திருக்கிறது. பழகிய வாடிக்கையாளரை அதிகம் வாங்கவைக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிதாகவே தெரிகிறது. மாட்டுங்கா, செம்பூர் நடைமுறைகள் இந்த மெலிவோடு ஒத்துப்போகின்றன. தூரம் கூடும்போது கதையின் பயன் கூடுகிறது என்ற ஊகம் இம்மூன்று இடங்களுக்கும் பொருந்தினாலும், இணையத்தில் ஒரே நொடியில் தூரம் அழிவதும் உருவாவதுமாக இருக்கும்போது அது எப்படி நடக்கும் என்று தனியாகச் சோதிக்க வேண்டும். கைப்பேசியில் நேரலையில் சேலை விரித்துக் காட்டி விற்பவர் தெருக்காரரா, அந்நியரா?

கதையால் கூடும் விலையில் செய்பவருக்கு எத்தனை பங்கு என்பதே ஆய்வுகள் அதிகம் தொடாத கேள்வி. 'சிக்னிஃபிகன்ட் ஆப்ஜெக்ட்ஸ்' ஏலப் பணம் கதைக்காரருக்குப் போனது. சுற்றுலாவில் ஒரு பங்கு தொண்டுப்பணிக்குப் போகிறது. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் தையல்காரரின் விகிதம், பை எந்தக் கதையோடு விற்றாலும் அசைவதாகத் தெரியவில்லை. இதை அளக்க விளம்பரத்தைப் பார்த்தால் போதாது. ஒரே பட்டறையிலிருந்து பெயரோடும் பெயரின்றியும் போகும் சரக்கைக் கல்லாவரை பின்தொடர்ந்து, கூலிச் சீட்டையும் விலைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்குக் காலமும் அதிகமில்லை. 2022 நவம்பர் ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் பெற்ற மறுசீரமைப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன் வந்ததை ஆவணத்தோடு நிறுவக்கூடிய தரைத்தளக் குடும்பங்களுக்குத் தாராவியிலேயே வீடு, மற்றவர்களுக்கு வேறு இடம் என்பது அதன் அடிப்படை. பட்டறையும் கடையும் வீடும் நாலடி தூரத்தில் இருக்கும் ஏற்பாடுதான் இங்கே கதையின் தேவையைக் குறைத்து வைத்திருந்தது. அது கலைந்தபின் வாங்குபவர் தேடி வர ஒரு பெயரோ கதையோ இல்லாத பட்டறை எதைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டும் என்பதற்கு, மேலே பார்த்த எந்தக் கட்சியிடமும் ஆயத்தப் பதில் இல்லை.